விறகு மண்டியில் நிறுத்த குழந்தை

அல்சூரில் படிக்கல்லைவிட நேர்மையான மனிதனும் இல்லை, அவரைவிட மோசமான புருஷனும் இல்லை. விறகு மண்டியில் படிக்கல் வைத்து எடை போடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். ஈர விறகு வந்தால் முதலாளியிடமே சண்டை போட்டுத் திருப்பி அனுப்புவார். சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் சண்டை போடுவார்.

மனைவி சரோஜா விவாகரத்து வாங்கினாள். ஏழு வயது மல்லிகா ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம். குழந்தைச் செலவுக்கு அவர் மாதம் இருபது ரூபாய் தரவேண்டும் என்றது கோர்ட்டு. பாதி மாதம் என் வீட்டில்தானே சாப்பிடுகிறது, பணத்தையும் பாதியாக்கு என்று மனு போட்டார். அதோடு விட்டாரா? சரோஜா பணத்தை வாங்கிக்கொண்டு குழந்தையைப் பட்டினி போடுகிறாள் என்று நிரூபிக்கக் கிளம்பினார்.

ஞாயிறுதோறும் குழந்தை கை மாறியது விறகு மண்டியில். ஒரு தட்டில் மல்லிகா, மறு தட்டில் இரும்புக் கற்கள். பக்கத்து வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு எடையை எழுதியவன் நான். வளையல், ரிப்பன் எல்லாம் கழற்றவேண்டும். ஒருமுறை வாயிலிருந்த கமர்கட்டையும் துப்பச் சொன்னார்.

"கொழந்தைய நிறுக்குறியே, உன் புத்திய எந்தக் கல்லால நிறுக்கிறது?" என்றாள் சரோஜா.

எட்டு வாரம் எழுதினேன். அம்மாவிடமிருந்து வரும்போது ஏறியிருந்த எடை, அப்பாவிடமிருந்து போகும்போது அரை ராத்தல் இறங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும். தராசைக் கழற்றி மாட்டினார். கற்களைக் கழுவினார். என் கையெழுத்தைக் குறை சொன்னார். கடைசியில்தான் குழந்தையைக் கேட்கத் தோன்றியது, அப்பா சமையல் பிடிக்கவில்லையா என்று.

"நல்லாத்தான் இருக்குது. நீ சாப்புடாம என்னையே பாத்துகினு குந்தினு இருக்கியே, எனக்கு எறங்கமாட்டேங்குது."

விசாரணைக்கு முந்தின நாள், அந்த எடைச் சீட்டைக் கிழித்துப் போடய்யா என்று கத்தினேன்.

"எட்டு வாரம் நிறுத்துட்டு, தோத்ததும் மறைக்கிறதா சார்?"

மறுநாள் சீட்டை நீதிபதியிடம் அவரே நீட்டி, மனுவையும் வாபஸ் வாங்கினார். அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மதியம் அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நடுவில் ராகிக் களி. அவர் சுவரைப் பார்த்தபடி மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மல்லிகா இன்னொரு உருண்டைக்குக் கை நீட்டினாள். அவர் திரும்பவில்லை. சட்டியை மட்டும் அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

அந்த மனிதனைத் திட்ட அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.