மாமனார் எடைக்கு ஒரு சோபா

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் இளைய மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். 'நாங்கள் நலம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுத முடியாமல் போனது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே எல்லோரும் சௌக்கியமா என்று பொதுவாகக் கேட்காமல் நேராகவே கேட்கிறேன்: அறுவை செய்த முட்டி இப்போது எவ்வளவு மடங்குகிறது? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போன மாதம் போன் செய்து, "மாமா, உங்க வெயிட் என்ன?" என்று கேட்ட நாளிலிருந்து என் குரல் கேட்டாலே நீங்கள் போனை அத்தையிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அத்தை, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்கத் தபால் அலுவலகத்தில் ஊரார் கடிதங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர் நீங்கள். உங்கள் பெயருக்கு வந்த கடிதத்தைப் பாதியில் கீழே போட மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் மகள் இப்போது உங்கள் பெரிய மகள் வீட்டில் இருக்கிறாள். அக்காவுக்கு ஒத்தாசையாக வந்ததாக உங்களிடம் சொல்லியிருப்பாள். அது உண்மை இல்லை. என்மேல் கோபித்துக்கொண்டு போனதுதான் உண்மை. "எங்கப்பா உட்கார ஒரு இடம் வர்ற வரைக்கும் நானும் அந்த வீட்ல உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நீங்களோ அடுத்த மாதம் வந்து, எங்களோடு தங்கி, இங்குள்ள ஆஸ்பத்திரியில் முட்டிக்குப் பயிற்சி எடுப்பதாக ஏற்பாடு. பெரிய மகள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. ஆக, எங்கள் வீட்டை விட்டால் உங்களுக்கு வழியில்லை. எங்கள் வீட்டில் தரையில் ஒரு மெத்தையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. இப்போது நாற்காலி ஒன்றுதான். மற்றதை நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பேச்சில் 'கம்பெனியில் இன்ஜினியர்' என்று சொல்லி முடித்துவிட்டார்கள், நீங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. உண்மையில் நான் பொருட்களை உடைப்பவன். பஸ் சீட், பள்ளிக்கூட பெஞ்ச், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் எங்கள் சோதனைக்கூடத்துக்கு வரும். மெஷினில் ஏற்றி, மணல் மூட்டையை மேலிருந்து இறக்கி இறக்கி எடுப்போம். எப்போது உடைந்தது, எந்த இடத்தில் உடைந்தது என்று எழுதி அனுப்புவோம். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இப்படிப்பட்டவனைப் போய் சோபா வாங்க அழைத்துப் போனாள் உங்கள் மகள். கையில் இருந்த காசுக்குள் வாங்க வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும், ரொம்ப வருஷம் உழைக்கவும் வேண்டும். மூன்றும் நியாயமான ஆசைதான். முதலில் ஏசி போட்ட பெரிய கடைக்குப் போனோம். அங்கே எனக்கு விழுந்த முதல் அடி ஓர் அலமாரி. நான்கு கதவுகள், நான்கிலும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில், ஒரே மாதிரி ஒரு மர முடிச்சு. ஒரு கிளை முளைத்த இடம் நான்கு பலகையிலும் எப்படி வரும் என்று விற்பனையாளரைக் கேட்டேன். "அதான் சார் மேட்சிங்" என்றார். நகத்தால் லேசாகச் சுரண்டினேன், தேக்கு உரிந்து வந்தது. அது காகிதம் மாமா. மரத்தைப் போட்டோ எடுத்து மரத்தூள் அட்டைமேல் ஒட்டியிருக்கிறார்கள். சரி, தண்ணீர் பட்டால் இது என்ன ஆகும் என்று பார்ப்போமே என்று அடிப்பக்கம் யாருக்கும் தெரியாத ஓரத்தில் என் ஈரக் கைக்குட்டையை வைத்தேன். கடை மேலாளர் டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் அந்த ஓரம் பாலில் போட்ட ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முதலில் பார்த்தது என் கையில் இருந்த டீ கோப்பையைத்தான்.

அடுத்தது சோபா. அரண்மனையிலிருந்து எடுத்து வந்ததுபோல் பளபளவென்று ஒன்று. தரையில் படுத்து, போன் வெளிச்சத்தில் அடியில் இருந்த கறுப்புத் துணியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே பழப்பெட்டிப் பலகை, ஸ்டேப்ளர் பின், அட்டை. அந்த அட்டையில் 'கவனம், உடையும் பொருள்' என்று அச்சடித்திருந்தது. அந்தக் கடையில் நான் பார்த்த ஒரே உண்மை அதுதான். வெளியே தலையை நீட்டினால் ஒரு கணவன் மனைவி நிற்கிறார்கள், என்னைக் கடை ஆள் என்று நினைத்து, "இது எப்படி சார், தாங்குமா?" என்றார்கள். தாங்காது என்றேன். பக்கத்தில் இருந்ததைக் கேட்டார்கள். முன்பக்க மூலையைக் கையகலத்துக்குத் தூக்கிக் காட்டினேன். அடுத்த முன்காலும் கூடவே எழுந்தால் சட்டம் திடமானது. எழாமல் தரையிலேயே நின்றால், சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். எழவில்லை. அதற்குள் எங்களைச் சுற்றி ஒரு கூட்டம். உங்கள் மகள் எனக்கு யாரோ மாதிரி தள்ளிப்போய் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களை மரியாதையாகத்தான் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். வெளியே வந்ததும், "உங்களுக்கு எதுவுமே பிடிக்காதா?" என்று கேட்டாள். "பிடிக்குது. அது நிக்காது" என்றேன்.

இப்படியே கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் டயர் கடைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் அந்த சோபாவைக் கண்டோம். கடைக்காரரே செய்து அவரே விற்கிறார். கனமான மரச்சட்டம், மூலைக்கு மூலை முக்கோணக் கட்டை, பசையும் போட்டுத் திருகும் போட்டிருந்தார். மூலையைத் தூக்கினேன், அடுத்த கால் துள்ளி எழுந்தது. துணி மயில்கழுத்து நிறம். நான் நீலம் என்றேன், கடைக்காரர் பச்சை என்றார், உங்கள் மகள் எங்கள் இருவரையும் பாவமாகப் பார்த்தாள். விலை ஏன் இவ்வளவு குறைவு என்று எனக்குச் சந்தேகம். துணி ரோலின் கடைசி மிச்சமாம். சுவரை ஒட்டி நிற்கும் முதுகுப் பக்கத்துக்கு வேறு மலிவுத் துணி போட்டிருக்கிறாராம். கண்ணில் படாத இடத்தில் மிச்சம் பிடித்து, பாரம் விழும் இடத்தில் செலவழித்திருக்கிறார். உங்கள் மகள் பையிலிருந்து ஒரு தையல் டேப்பை எடுத்தாள். உங்கள் முட்டி உயரத்தை அத்தையிடம் கேட்டு, அதில் பேனாவால் குறித்து வைத்திருந்தாள். இருக்கை சரியாக அந்தக் கோட்டில் நின்றது. உங்கள் முட்டி உயரம் அவளிடம் இருந்தது, உங்கள் எடை என்னிடம் இருந்தது. (எடையையும் அத்தைதான் பிறகு ரகசியமாகச் சொன்னார்கள். தன் பெயரை இழுக்க வேண்டாம் என்றார்கள். இழுத்துவிட்டேன், மன்னிக்கச் சொல்லுங்கள்.) கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு விஷயத்துக்கு ஒரே நேரத்தில் தலையாட்டியது அன்றைக்குத்தான்.

அதோடு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். வண்டி வரும் வழியில் எங்கள் சோதனைக்கூடம் இருந்தது. மெஷின் அன்றைக்குச் சும்மா இருந்தது. நீங்களே சொல்லுங்கள், அறுவை சிகிச்சை ஆன மனிதர் வந்து உட்காரப்போகிறார், நடுவில் ஏதாவது முறிந்து நீங்கள் விழுந்துவைத்தால் ஊர் யாரைச் சொல்லும்? ஆகவே உங்கள் எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டி, பாதுகாப்புக்காகக் கால் பங்கு கூடச் சேர்த்து மெஷினில் மாட்டினேன். எங்கள் கூடத்தில் உடன் வேலை பார்ப்பவனுக்குப் 'போல்ட்' என்று பட்டப்பெயர், எதையாவது முறுக்காமல் இருக்க மாட்டான். மூட்டையின்மேல் சாக்கட்டியால் 'மாமனார்' என்று எழுதியது அவன்தான். நான் எழுதவில்லை. அழிக்கவும் இல்லை. மாமனார் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். ஒரு வருட உழைப்புக்குச் சமமான கணக்கு முடிந்தது, சோபா முனகக்கூட இல்லை. ஐந்து வருடம் ஆனது. மற்ற வேலைகளை விட்டுவிட்டு எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள், எங்கள் மேலாளரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து வருடம் தாண்டியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது மாமா, இவ்வளவு குறைந்த விலையில் இப்படியொரு சட்டமா என்று. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் பதினோராவது வருடம் என்ன ஆகும் என்று எப்படித் தெரியும்?

சோபா வீட்டுக்கு வரவில்லையே என்று தேடிக்கொண்டு உங்கள் மகள் அங்கே வந்தது அந்த நேரம் பார்த்துத்தான். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அது என்ன மூட்டை?"

"மாமனார், மேடம்" என்றான் போல்ட்.

"யாரோட மாமனார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. "உங்கப்பாதான். கால் பங்கு கூடப் போட்டிருக்கேன், ஒரு பாதுகாப்புக்கு" என்றேன்.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் சோபாவின் முன்சட்டம் படீரென்று முறிந்தது. மூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உங்கள் மகள் ஓடினாள். சோபாவைப் பார்த்து ஓடவில்லை, மூட்டையைத் தாங்கிப் பிடிக்க ஓடினாள். பிடித்தும்விட்டாள். மணலும் சாக்கட்டியும் துப்பட்டாவெல்லாம் அப்பியபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கப்பா உட்கார ஒரு இடம் கேட்டேன். அவர் எந்த இடத்துல விழுவார்னு கண்டுபிடிச்சு வச்சிருக்கீங்க" என்றாள். அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து என் நிலைமை சொல்லும்படியாக இல்லை. சகலை போன் செய்து, "என்ன சகலை, மாமனாரை மூட்டை கட்டிட்டீங்களாமே" என்று கேட்டுவிட்டு, நான் பேசுவதற்குள் சிரிப்பை அடக்க முடியாமல் வைத்துவிட்டார். உடைந்த சோபா சோதனைக்கூடத்தின் பின்புறம் கழிவுக் குவியலில் கிடக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு பொருள் உடைந்துவிட்டால் அதற்கு அடுத்த கட்டம் என்று ஒன்று கிடையாது, 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதன் கதை முடிந்தது. அந்தத் துணியும் இனிக் கிடைக்காது. நான் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனைக்கும் அந்தச் சுவருக்கு அவள் ஒரு படம்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பெரிய கடைக்கே திரும்பப் போய், மேலாளரிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த அரண்மனை சோபாவைத் தவணையில் வாங்கிப் போடப்போகிறேன். இனி இந்த வீட்டில் எந்தப் பொருளையும் தூக்கிப் பார்க்க மாட்டேன், சுரண்ட மாட்டேன், அடியில் படுக்க மாட்டேன். இது சத்தியம். எடை என்ற சொல்லையே உங்களிடம் இனி எடுக்க மாட்டேன். நீங்கள் எனக்காகச் செய்ய வேண்டியது இரண்டு காரியம். ஒன்று, உங்கள் மகளைக் கூப்பிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் 'சோதிச்சுப் பார்த்துட்டீங்களா' என்கிறாள். இரண்டு, அந்த சோபாவில் இடது ஓரத்தில் மட்டும் உட்காருங்கள், அங்கேதான் அட்டை கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. உட்காரும்போது மெதுவாக. பேப்பர் படிக்கும்போது பக்கம் புரட்டலாம், கால்மேல் கால் போட வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். முட்டி சீக்கிரம் பூரணமாக மடங்கி, நீங்கள் பழையபடி சைக்கிள் மிதிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள,
உங்கள் இளைய மருமகன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் உங்கள் மகள் வந்துவிட்டாள். மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்குத் தினமும் ஆட்கள் உடைந்த ஃபிரேமோடுதான் வருகிறார்களாம், யாரையும் அதைத் தூக்கிப் போடச் சொல்வதில்லையாம். எனக்குத் தெரியாமல் போல்டிடம் சொல்லி எங்கள் கழிவுக் குவியலிலிருந்து சோபாவையும் மூட்டையையும் வண்டியில் ஏற்றி, டயர் கடைக்குப் பின்னால் கொண்டுபோய், எந்த இடத்தில் முறிந்தது, எத்தனை வருடக் கணக்கில் முறிந்தது என்று என் ரிப்போர்ட்டைக் கடைக்காரரிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் ஆடிப்போய்விட்டாராம். அவருக்கே தெரியாதாம் தன் சோபா அவ்வளவு காலம் தாங்கும் என்று. முன்சட்டத்தை மட்டும் முன்பைவிடத் தடிமனாகப் போட்டு, அதே துணியோடு, பைசா வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது வீட்டில் சுவரோரமாக நிற்கிறது, மயில்கழுத்து நிறத்தில். நான் தொடவில்லை. நீங்கள்தான் முதலில் உட்கார வேண்டும் என்று உத்தரவு.

பதிலுக்குக் கடைக்காரர் முறிந்த சட்டத்தையும் மூட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுத்தது உங்கள் மகள், அதைக் கேட்டு நான் அதிர்ந்துபோனேன். இரண்டும் இப்போது கடை வாசலில் இருக்கின்றன. மூட்டையில் 'மாமனார்' அழியாமல் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு போர்டில் உங்கள் எடையும் சோபா தாங்கிய வருடங்களும் பெரிய எழுத்தில். ஆனால் அது ஆபரேஷனுக்கு முந்தைய எடையாம், ஓய்வில் இருந்ததில் கூடியிருக்குமாம், போர்டில் பொய் எழுதக் கூடாதாம். ஆகவே இன்றைய எடையை, செருப்பு இல்லாமல் நின்று பார்த்து, உடனே எழுதி அனுப்பவும். கேட்பது நான் இல்லை மாமா, உங்கள் மகள்.