கண்மூடி சார் திருத்திய டைரிகள்

ஒரு எழுத்துக்கூடப் படிக்காமல் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குக் கையெழுத்துப் போட்ட வாத்தியார் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் கண்மூடி சார்.

புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரில் டவுன் பஸ் ஏறிப் போகிற ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. அவர் தமிழ், நான் கணக்கு. ஏழாம் வகுப்புக்கு நாட்குறிப்பு எழுதுவது ஒரு பாடம். "நேத்து நடந்தத எழுதினு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் பார்த்தால் முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் வந்திருந்தார்கள். எல்லாரும் படகில் ஏறினார்கள். எல்லாருக்கும் அப்பா கம்பளித் தொப்பி வாங்கிக் கொடுத்தார். எல்லாம் கைடு புத்தகத்தின் உபயம். அந்த வகுப்பில் இரண்டு பேருக்கு அப்பாவே உயிரோடு இல்லை.

முதல் பெஞ்ச் பையனை எழுப்பினார். "ஏண்டா, ஞாயித்துக்கெழம உன்ன கரும்புக் கொல்லையில பாத்தேனே. எப்படா ஊட்டிக்குப் போன?"

"நெஜத்த எழுதினா நீங்க படிப்பீங்களே சார்."

வேறு யாராக இருந்தாலும் காதைத் திருகியிருப்பார்கள். இவர் அடுத்த நாள் வகுப்பில் சத்தியம் செய்தார். "டைரி உங்களுது. இனிமே நான் படிக்க மாட்டேன். ஆனா தெனமும் ஒரு பக்கம் எழுதியே ஆவணும்."

எழுதினார்களா என்று எப்படிப் பார்ப்பது? கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்தை விரலால் தடவுவார். பேனாவின் அழுத்தம் தட்டுப்பட்டால் கையெழுத்து. அது பக்கத்தின் எந்த மூலையில் விழும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். இதற்கு ஒரு தியரி வேறு வைத்திருந்தார். "பொய் எழுதினா பேனா வழுக்கினு போவும் மிஸ். நெஜம் எழுதினா தாளு மேடும் பள்ளமுமா இருக்கும்."

பிள்ளைகள் சும்மா விடுவார்களா? ஒருவன் 'சார் ஒரு காண்டாமிருகம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, படமும் போட்டு நீட்டினான். சார் கொம்பைத் தடவிப் பார்த்தார். "அழுத்தமா எழுதிக்கீறியே. நெஜம்தான் போல" என்று கையெழுத்துப் போட்டார். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. மறுநாளிலிருந்து பிள்ளைகள் உண்மையாகவே எழுத ஆரம்பித்தார்கள்.

சோதனைக்கு வந்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "எழுத்துப் பிழைய எப்படிங்க திருத்துவீங்க?"

"கட்டுரையில திருத்திக்கறேன் சார். அழுவற புள்ளகிட்ட போயி பிழை பாக்க முடியுமா?"

ஸ்டாஃப் ரூமில் அவரைப்போல நடித்துக் காட்டிக் கேலி செய்ததில் எனக்குத்தான் முதல் இடம்.

அந்த வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண். பெயரை மாற்றியிருக்கிறேன். அவள் நோட்டைத் தடவும்போது மட்டும் சாரின் விரல் நின்றுவிடும். சில இடங்களில் தாளே கிழிந்திருக்கும். "படிக்கட்டாம்மா?" என்பார். "வேணாம் சார்" என்பாள். தினமும் கேட்பார், தினமும் இதே பதில். "இந்தப் பொண்ணு எழுதல மிஸ், கீறுது" என்று என்னிடம் புலம்புவார். ஆனால் கண்ணைத் திறக்க மாட்டார்.

ஒரு நாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் அந்த நோட்டை எடுத்துப் படித்துவிட்டேன். அதில் இருந்ததை இங்கே எழுதமாட்டேன். ஒரு தடவை செய்த தப்பே போதும். அந்த வீட்டில் அவள் அம்மா அடி வாங்கிக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன். அது தெருவுக்கே தெரிந்த விஷயம்தான்.

நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் நோட்டோடு ஹெச்.எம்.மிடம் ஓடினேன். அவரும் நல்ல எண்ணத்தில் அப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தப் பக்கத்தை அவனுக்கே வாசித்துக் காட்டி, அரை மணி நேரம் புத்தி சொன்னார். "இனிமே நடக்காது சார்" என்று கும்பிட்டுவிட்டு, கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனான். மறுநாள் அவள் அம்மா பெரியாஸ்பத்திரியில், கை முறிந்து கிடந்தாள்.

நான்காம் நாள் தர்ஷினி பள்ளிக்கு வந்து நோட்டை வைத்தாள். சார் தடவினார். தாள் வழவழவென்று இருந்தது.

"இன்னாம்மா இது?"

"காலைல எழுந்தேன், பல்லு வெளக்குனேன்னு எழுதிக்கீறேன். நீங்கதான் கண்ணத் தொறந்து படிச்சிட்டீங்களே சார்."

வாசலில் நான் நின்றிருந்தேன். யார் படித்தது என்று ஹெச்.எம். சொல்லி அவருக்கு முன்பே தெரியும். என் பக்கம் ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். அவர் பார்க்கவில்லை.

"ஆமாம்மா. படிச்சிட்டேன். தப்பு எம்மேலதான்" என்றார்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று பின்னால் போய் அழுதேன்.

"உங்க கணக்குப் பீரியடுலதான் மிஸ் அந்தப் பொண்ணு கொஞ்சம் சிரிக்குது. நம்பறதுக்கு ஒரு ஆளாவது அதுக்கு மிச்சம் இருக்கட்டும்."

அன்று மாலையே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மடியில் நோட்டுக் கட்டு, மூடிய கண்கள். மூன்று மாதம், ஒரு நாள் தவறவில்லை. ஊர் சிரித்தது.

முதல் நாளே அப்பன் வந்து நின்றான். "இன்னா சார், எங்க வூட்டாண்ட?"

"காத்து நல்லா வருதுபா."

"கண்ண மூடிகினு இன்னா பண்றீங்க?"

"கண்ண மூடினா காது நல்லா கேக்கும்பா."

அந்த மூன்று மாதமும் அந்த வீட்டிலிருந்து அடி விழும் சத்தம் வரவில்லை. அப்பன் யார் யாரையோ போய்ப் பார்த்தான். சாருக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. ஏனாமும் புதுச்சேரிதான், ஆனால் ஆந்திரக் கரையில், தெலுங்கு பேசுகிற ஊர். அங்கே தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை என்று கேட்டால் அவரே சிரித்தார்.

கடைசி மாலை நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். இன்னும் நேராகாத கையோடு அவள் அம்மா வெளியே வந்து, "நீங்க குந்திக்கீறப்பவே நாங்க கெளம்பிடறோம் சார்" என்றாள். பின்னால் இரண்டு பைகளோடு தர்ஷினி. வாசலில் நின்ற அப்பன் சாரைப் பார்த்தான். சார் கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அசையவில்லை. அம்மாவும் பெண்ணும் நெட்டப்பாக்கத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். தர்ஷினி என்னிடம் மட்டும் "வரேன் மிஸ்" என்றாள். சாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

தர்ஷினி, நீ இப்போது காலேஜில் படிப்பாய். உன் நோட்டைப் படித்தது நான். உன் கோபத்தை என்மேல் மாற்றிக்கொள். அந்த மனுஷன் அதைச் சுமந்தது போதும்.