கடலுக்குத் தகுதியான காது

"இனிமே ஒருத்தர் தண்ணிக்குள்ள இறங்கினா, காப்பாத்தறதுக்குப் படகுல இன்னொருத்தர் தயாரா நிக்கணுமாம். அவரும் பயிற்சி எடுத்துத் தேறியிருக்கணுமாம். இல்லாட்டி சிப்பி எடுக்கக் கூடாதாம். என் பொழைப்புல மண்ணு!" அரசாங்கத்தின் புது விதிப் புத்தகத்தை மடியில் போட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்தார் சிப்பிக்காரர்.

ஆனால் உள்ளுக்குள் அவருக்குக் குளுகுளுவென்றிருந்தது. போன பருவத்தில் கடலடிப் பாறையில் காற்றுக்குழாய் சிக்கி மூச்சுக்குத் தவித்ததிலிருந்து, வாளித் தண்ணீரைக் கண்டால்கூட அவர் இரண்டடி பின்வாங்கினார். 'எங்க வீட்டுக்காரர் கடலுக்கே ராஜா' என்று தெருவெல்லாம் சொல்லித் திரியும் மனைவியிடம் அதை எந்த வாயால் சொல்வது? அரசாங்கமே தடுத்துவிட்டால் மானம் மிஞ்சும்.

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். "வருத்தப்படாதீங்க. என் தம்பி சும்மாதானே கிடக்கான்?"

குளியலறைக்குப் போகவே சோம்பல்படும் மச்சான், பயிற்சியில் சேர்ந்து தேறியும் தொலைத்தான்.

"அத்தான், இனி கவலையே இல்லாம முங்குங்க. மேலே நான் இருக்கேன்!"

"அதான்டா கவலையே!"

விதிகளை மேலும் புரட்டினார். "மேற்பார்வைக்குன்னு தனியா ஒருத்தர் வேணுமாம். போச்சு, எல்லாம் போச்சு!" இந்த முறை குரலையும் கொஞ்சம் உடைத்தார். உடைத்திருக்கக் கூடாது.

மனைவி புத்தகத்தோடு சமையலறைக்குப் போனாள். அடுப்பில் பால் பொங்கி வழிய, எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்று கணக்குப் போட்டாள். மேற்பார்வையாளர் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினாள்.

அவருக்கும் எழுத்துத் தேர்வு இருந்தது. 'ஆழத்திலிருந்து எவ்வளவு வேகமாக மேலே வர வேண்டும்?' என்ற கேள்விக்கு, எப்படியாவது தோற்றுவிட நினைத்து, 'பசியைப் பொறுத்தது' என்று எழுதினார். பயிற்சியாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேறும்வரை விடாமல் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனுஷர். சிப்பிக்காரருக்கு அழுகை வந்தது.

மிச்சம் மருத்துவச் சோதனைதான்.

"டாக்டர், ரெண்டு காதும் சுத்தமா கேக்கல."

"அப்படியா?" டாக்டர் அவர் முதுகுப்பக்கம் போய் முணுமுணுத்தார். "செருப்பை மாத்திப் போட்டிருக்கீங்க."

சிப்பிக்காரர் சட்டென்று குனிந்து காலைப் பார்த்தார். செருப்பு சரியாகத்தான் இருந்தது.

கருவியை வைத்தும் பார்த்துவிட்டு, "கடலுக்குத் தகுதியானவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் டாக்டர்.

தாளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள் நர்ஸ். சிப்பிக்காரர் நாற்காலியில் சரிந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

"ஆனந்தக் கண்ணீரும்மா," என்றார் சலிப்போடு.

"நீங்க வேற அண்ணே! 'போன பருவத்துலேருந்து தூக்கத்துல மூச்சு முட்டிப் பதறி எழுந்திரிக்கிறாரு, எனக்குப் பயமா இருக்கு. ஆனா கடல்னா அவருக்கு உசிரு, போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களே தகுதி இல்லைன்னு எழுதிடுங்க'ன்னு நேத்து அக்கா டாக்டர் கால்ல விழாத குறை. அவர்தான் பொய் எழுத மாட்டேன்னுட்டாரு!"