பத்து உலின் தூண்கள்

"இது உலின் மாதிரி தெரியலியே," என்றார் தர்மன்ஷா, தூணை விரலால் தட்டியபடி.

மஸ்ரானிக்குச் சுருக்கென்றது. மார்த்தபுரா ஆற்றுத்துறையில் அவர் மரக்கடை போட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. வந்து நின்ற முதல் பெரிய வாடிக்கையாளர் இவர். இந்தப் பத்துத் தூண்களும் போனால்தான் மலைப்பக்கத்துப் படகுக்காரர் அடுத்த சுமையை இங்கே இறக்குவார்.

"அண்ணே, இதைக் கறையான் மோந்துட்டு ஓடிடும். தண்ணியில நட்டா உங்க பேரன் காலத்துலயும் நிக்கும். பாருங்க," என்று ஓர் ஆணியை வைத்து அடித்தார். ஆணி வளைந்தது. துளை போடாமல் உலின் என்ற அந்த இரும்பு மரத்தில் ஆணி இறங்காது.

"ஆணி மட்டமா இருக்கும்."

ரம்பத்தைப் போட்டார். புகை வந்தது, பல் மழுங்கியது, மரத்தில் ஒரு கீறல்தான்.

"ரம்பம் பழசு போல. உலின்னா தண்ணியில முழுகணுமே."

மஸ்ரானி ஒரு தூணைக் கயிற்றில் கட்டி ஆற்றில் உருட்டினார். அது கல் மாதிரி இறங்கியது.

"கயித்துல என்னத்தைக் கட்டி வச்சீங்களோ."

மஸ்ரானி அதை மேலே இழுத்து, கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடியும் உருட்டினார். ஒரு குமிழிதான் மேலே வந்தது.

"அடேயப்பா, என்ன மரம்," என்றார் தர்மன்ஷா. பிறகு, "ஒண்ணு நல்லதா இருக்கும். மிச்சத்துல கலப்படம் இல்லேன்னு எப்படி நம்புறது?"

மஸ்ரானிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மிச்ச ஒன்பதையும் கயிறில்லாமலே ஒவ்வொன்றாக உருட்டினார். ஒன்றாவது ஒரு நொடி மிதக்க வேண்டுமே, இல்லை. பத்தாவது இறங்கியபோது கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவருக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அத்தனையும் அசல்," என்றார் தர்மன்ஷா. "கரையேத்தி வைங்க, எடுத்துக்கலாம்." துறையோரம் மிதந்த படகுக்கடையில் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு நடையைக் கட்டினார்.

மஸ்ரானி கலங்கிய தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். அடி தெரியவில்லை.

"போகட்டும், உலின் அழுகவா போகுது," என்று தேற்றிக்கொண்டு, படகுக்கடை அர்பாயாவிடம் கேட்டார். "அக்கா, முங்கி மரம் எடுக்கிற ஆளு இங்க யாராச்சும் உண்டா?"

அர்பாயா கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் துறைக்கு ஒரே ஆளுதான் தம்பி. இப்ப காப்பி குடிச்சிட்டுப் போனாரே, அவருதான்."