தாங்கள் அனுப்பிய பம்ப் ஷூவும் என் இடது காலும்

பவானிப்பூர், கல்கத்தா
பரிதாபி வருஷம், புரட்டாசி 20

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் சீதாராமன் அவர்கள் சமூகத்துக்கு சுந்தரேசன் அநேக நமஸ்காரம்.

இவ்விடம் நானும், தங்கள் சகோதரி காமுவும், என் இடது காலும் சௌக்கியம். காலைத் தனியாகச் சொல்வானேன் என்று கேட்பீர்கள். நாலு மாதமாக அது இந்த வீட்டில் தனி ஆசாமியாக இருந்து, தனித் தலையணை போட்டுக்கொண்டு, தனக்கென்று ஒரு டாக்டரும் வைத்துக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் தாங்கள். கோபித்துக்கொண்டு எழுதுவதாக நினைக்கவேண்டாம். இது நன்றிக் கடிதம்.

சென்ற தீபாவளிக்குத் தாங்கள் அனுப்பிய பம்ப் ஷூவுக்கு நான் இதுவரை ஒரு வரிகூட எழுதாதது பெரிய பிசகு. தெருவுக்குத் தெரு சீனாக்காரன் உட்கார்ந்து ஜோடு தைக்கிற இந்த ஊருக்குத் தஞ்சாவூரிலிருந்து பார்சல் கட்டி ஜோடு அனுப்பத் தங்களுக்குத்தான் தோன்றும். அதை மாட்டிக்கொண்டுதான் ஏழெட்டு மாதம் கிளைவ் தெரு ஆபீசுக்குப் போய் வந்தேன். ஒரு நாள்கூட அது என்னைக் கடித்ததில்லை. கடித்ததில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி.

இதற்கு நடுவே நான் ஞானியான கதையையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதம் காளிகட்டத்துக் காளி கோவிலுக்குப் போனோம். கல் தளம் கொதிக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் ஐயோ அப்பா என்று தாவித் தாவிப் போகிறார்கள். நான் மட்டும் நடுவெயிலில் நின்று நிதானமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். என் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் சந்தானம், "அண்ணா, உங்களுக்குச் சுடலையா?" என்றான். சுடவில்லைதான். "தேகாபிமானம் விட்டுப்போனா சூடு ஏதுடா, குளிர் ஏது?" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். பையன் அங்கேயே என் காலில் விழுந்துவிட்டான். மறு ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, வைராக்கியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்றான். அப்புறம் ஞாயிறுதோறும் பிரசங்கம். ஒரு கூஜாத் தண்ணீர் குடித்தும் நாக்கு வறண்டது. மணிக்கு நாலு தரம் கொல்லைப்பக்கம் எழுந்து போனேன். அவர்கள் நான் ஜபம் செய்யப் போவதாக நினைத்துக் கைகூப்பினார்கள். நானும் மறுக்கவில்லை. காமு மட்டும் கைகூப்பவில்லை. அவளுக்கு என் ஞானத்தில் ஆரம்பமுதலே நம்பிக்கை கிடையாது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமஸ்காரம் செய்து எழுந்த சந்தானம் மூக்கைச் சுளித்தான். "அண்ணா, எங்கேயோ எலி செத்துக் கெடக்கு." உடனே சிஷ்யர்கள் ஆறு பேரும் எலி வேட்டைக்குக் கிளம்பினார்கள். பெட்டியை இழுத்தார்கள், அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள், வீட்டுக்காரர் சம்சாரம் மாஷிமா மாடியிலிருந்து இறங்கி வந்து வங்காளத்தில் சத்தம் போட்டாள். நானும் கூடவே நடந்து, "அங்கே பாரு, இங்கே பாரு" என்று உத்தரவு போட்டேன். நான் போன இடமெல்லாம் நாற்றமும் வந்தது. காமுதான் தரையில் ஈரப் புள்ளி புள்ளியாக இருந்ததைக் கவனித்து, அதன் பின்னாலேயே வந்து என்னிடம் நின்றாள்.

"ஏன்னா, காலைத் தூக்குங்கோ."

இடது கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம். சுற்றிலும் தோல் தடித்துக் காய்த்திருந்தது. காமு ஓடிப்போய் ஜோட்டுக்குள் கையை விட்டாள். கை ரத்தமாக வந்தது. தங்கள் ஜோட்டின் அடியிலிருந்து ஓர் ஆணி அரை விரற்கடை எழும்பி நின்றிருக்கிறது.

"இதுமேலயா நடந்தேள்?"

"ஆமாம். வலிக்கலையே."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். வலிக்கவில்லை என்று சொன்னதற்கா ஒருத்தி அழுவாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மாஷிமா சொன்னபடி வெந்நீரில் காலை வைத்தார்கள். "சூடு போறலை, இன்னும் விடு" என்றேன். காமு ஒரு விரலை விட்டுப் பார்த்து அலறி, என் காலைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் கால் வெந்தே போயிருக்கும்.

மறுநாள் நிபாரண் பாபு என்கிற டாக்டர் வந்தார். கண்ணை மூடிக்கொள்ளும், நான் ஊசியால் தொடும்போதெல்லாம் சொல்லும் என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். பொறுமை போய், "எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்டேன். "பதினோரு இடத்தில் குத்தியாயிற்று மொஷாய்" என்றார். மொஷாய் என்றால் இவ்விடத்தில் ஐயா. பிறகு என் சிறுநீரை ஏதோ நீலத் திராவகத்தோடு சேர்த்து விளக்கில் காய்ச்சினார். அது செங்கல் நிறமாயிற்று. "நீர் சந்நியாசி இல்லை. உமக்கு நீரிழிவு. அது உம் கால் நரம்பைத் தின்றுவிட்டது. புண் எலும்பைத் தொட்டால் முழங்காலோடு எடுக்கவேண்டி வரும்." ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அத்தோடு நின்றது. மைத்துனரே, அன்று நான் பயந்த பயத்தைச் சொல்லி முடியாது. கால் இல்லாதவனை எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்? காமுவை யார் பார்ப்பார்கள்?

காய்த்த தோலை டாக்டர் கத்தியால் சீவினார். நான் வேடிக்கை பார்த்தேன், சந்தானம் மயங்கி விழுந்தான். காய்ச்சி ஆறிய நீரில் போரிக் பொடி போட்டுக் கழுவி, வெந்நீரில் புழுக்கிய துணியால் கட்டவேண்டும். சோறு, உருளைக்கிழங்கு, இனிப்பு எல்லாம் நின்று, தவிட்டு ரொட்டியும் பாகற்காயும் வந்தன. அதைவிடப் பெரிய மருந்து, கால் தரையில் படவே கூடாது. மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு நடந்தால் பத்து வருஷம் ஆனாலும் ஆறாதாம். இரண்டாம் வாரம் நான் சும்மா ஜன்னல்வரை போய்வந்தேன். கட்டில் முழுக்க ரத்தம். காமு கட்டை அவிழ்த்து முதலிலிருந்து கழுவினாள். அதற்கப்புறம் நான் எழுந்திருக்கவில்லை.

நாலு மாதம் தினம் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் என் காலை மடியில் வைத்துக்கொண்டு, விரலிடுக்கு ஒன்று விடாமல் பார்த்து, முகர்ந்து, புண்ணை நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்தாள். முடிச்சு நெருங்க நெருங்க அவள் முகம் தெளிந்தது. போன வெள்ளிக்கிழமை நூலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. டாக்டர் கையைக் குலுக்கி, "கால் உம்முடையதே" என்றார். அவருக்கு நன்றி. தங்கள் ஆணிக்கும் மனப்பூர்வமாக நன்றி. அது இல்லாவிட்டால் இந்த வியாதி உள்ளேயே இருந்து என்னைக் கொண்டுபோயிருக்கும். காமுவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. நேரில் சொன்னால், "போறும், ரொட்டி ஆறிப்போறது" என்பாள்.

ஆகையால், இனி இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை. ஐப்பசி முதல் வாரம் அவளைத் தங்களிடம் அனுப்பிவைக்கிறேன். இரண்டு மாதம் அவள் உட்கார்ந்து சாப்பிடட்டும். கிணற்றில் நீர் சேந்தவிடாதீர்கள். இந்தத் தீபாவளிக்கு எனக்கு ஜோடு வேண்டாம்.

மன்னிக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் நூறு வயசு, இரண்டு காலோடும் நன்றாக இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் பிரியமுள்ள
சுந்தரேசன்

பி.கு.: கவலைப்பட ஒன்றுமில்லை என்று மேலே எழுதியதை நம்பவேண்டாம். தபாலில் சேர்க்குமுன் நிபாரண் பாபு விடைபெற வந்தார். காமு அவருக்குப் பால் கொண்டுவந்தாள். அடுப்பிலிருந்து சிதறிய கரித்துண்டு ஒன்று அவள் குதிகாலில் ஒட்டியிருந்தது. டாக்டர்தான் பார்த்தார். கொப்புளம் போட்டிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. சோதித்ததில் அவளுக்கும் அதே வியாதி. எத்தனை நாளாகவோ. நாலு மாதமும் அவள் காலை ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆரம்பம்தான், நல்லவேளை இன்றே அகப்பட்டது, ஆற்றிவிடலாம் என்கிறார். அவளை அனுப்பப் போவதில்லை. கட்டிலில் இப்போது அவள் இருக்கிறாள். புருஷன் தன் காலைத் தொடலாமா, பாவம் என்று இழுத்து இழுத்து மறைக்கிறாள். அம்மி மிதித்த அன்று பிடித்த கால், இருபத்தாறு வருஷம் கழித்து இன்றுதான் மறுபடி பிடிக்கிறேன். விரலிடுக்கில் சரியாகப் பார்க்கவில்லை என்று அதட்டுகிறாள். போய்ப் பார்க்கவேண்டும்.