குடிப்போர் நலச் சங்கம்

பிழை திருத்துகிறவர்கள் எல்லோரும் சரியாகப் படிப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர். ஒற்றுப் பிழைக்குக்கூட அரை மார்க் குறைக்கிற ராட்சசி. அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு சொல்லைத் தப்பாகப் படித்து, கட்டின புருஷனை ஊர் நடுவில் நிற்க வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஏழுமலைக்கு மறைமலைநகரில் கம்பெனி வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போவார். அவர் வண்டிச் சத்தம் கேட்டால் எங்கள் பெண் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். அழுதேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். கடைசியில் குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு, கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். உள்ளூர் வேண்டாம், தெரிந்த முகம் இருக்கும் என்றார். மாமல்லபுரம் பக்கம் என்று முடிவானது. "ஒரே தபா வரேன். சரிப்படலன்னா அப்பால கூப்புடாத" என்று சொல்லிவிட்டார். எனக்கு இருந்தது அந்த ஒரே தபாதான்.

சர்ச்சுக்கு அடுத்த தெரு, ஹால், ஞாயிறு சாயங்காலம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். தெருவுக்குள் வண்டியைத் திருப்பியதுமே ஒரு மாடியில் துணி பேனர் தெரிந்தது: 'குடிப்போர் நலச் சங்கம்'.

எனக்கு ஒரே பூரிப்பு. மாடிப்படியிலேயே பாடம் எடுக்க ஆரம்பித்தேன் (வாய் சும்மா இருக்குமா?). குடிகாரன் என்று போடவில்லை பாருங்கள், குடிப்போர், எவ்வளவு மரியாதை, இது எதிர்கால வினையாலணையும் பெயர் என்றேன்.

"எதிர்காலமா? அப்ப இனிமேலும் குடின்றாங்களா?" என்றார் அவர்.

உள்ளே நாற்காலிகள், டீ, மிக்சர். பட்டுப்புடவை கட்டின பெண்கள்கூட இருந்தார்கள். இவ்வளவு டீசண்டானவர்களுக்கா இந்தக் கதி என்று என் மனசு இளகிவிட்டது. தலைவர் மைக்கைப் பிடித்து, நமக்கு இருக்கிற ஒரே பிரச்சினை தண்ணிதான் என்றார். ஒரு அம்மா எழுந்து, காலையில் தண்ணி இல்லாமல் தன்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை என்றார் (அடிப்பாவி, காலையிலேயேவா!). இன்னொருவர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் உடம்பு தாங்குமா என்று கத்தினார். புதிதாக வந்தவர்களும் தயங்காமல் பேசலாம் என்றார் தலைவர்.

ஏழுமலை எழுந்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை.

"எனக்கும் தண்ணிதான் சார் பிரச்சினை. ஆனா ஒரு நாள் வுட்டு ஒரு நாள் இல்ல. டெய்லி."

தலைவர் பாய்ந்து கேட்டார். "டெய்லியா? எந்த பிளாக்?"

"கட மூடிட்டா பிளாக்லயும் வாங்குவேன் சார். என் வண்டி சத்தம் கேட்டா என் பொண்ணு எழுந்து உள்ள பூடுது. அது உள்ள போவாம இருக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடல் காற்று மடித்து வைத்திருந்த பேனரை அதே காற்று பிரித்து விட்டிருந்தது. துணியின் பின்பக்கமாகப் பார்த்தாலும் நடுவில் 'யிரு' என்று இரண்டு எழுத்து தெரிந்தது. குடியிருப்போர் நலச் சங்கம். பூமி பிளந்தால் முதலில் நான்தான் குதித்திருப்பேன்.

அவரை இழுத்துக்கொண்டு ஓடலாம் என்று எழுந்தேன். அதற்குள் பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். சற்று முன்பு உடம்பு தாங்குமா என்று கத்தினாரே, அவரேதான்.

"அண்ணாத்த, நீ தேடிகினு வந்த எடம் பின்னாடி தெருவுல கீது. நானும் அங்கதான் போறேன். வா, ஒண்ணா போலாம்."

மொத்த ஹாலும் அவர் பக்கம் திரும்பியது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட அதுவரை தெரியாது என்பது அந்த முகங்களிலேயே தெரிந்தது. "இன்னாத்துக்குப் பாக்குறீங்க? தண்ணி மோட்டார் கதைய அடுத்த வாரம் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, என் புருஷன் தோளில் கை போட்டு அழைத்துப் போனார். முன்பின் தெரியாத ஒருவன் தனியாக நிற்கக்கூடாது என்று தன் மானத்தைத் தூக்கி மேஜையில் வைத்த அந்த மனுஷனை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். உண்மையைச் சொல்லிவிட்டு ஓடாமல் நின்ற என் ஏழுமலையையும்தான். கட்டின நாளிலிருந்து அவரைப் பார்த்து நான் பெருமைப்பட்ட நாள் அதுபோல் இன்னொன்று இல்லை.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டார். "டீச்சர், குடிப்போர் எதிர்காலம்னா, இறந்தகாலம் இன்னா?"

குடித்தோர் என்றேன். காற்றில் கேட்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்.

நடுவில் வழுக்கியதும் உண்டு. வழுக்கிய ஒவ்வொரு தடவையும் அடுத்த ஞாயிறு அந்தப் பின்தெரு ஹாலுக்குப் போய் உட்கார்ந்தார். இப்போது அங்கே நாற்காலி போடுவதே அவர்தான். புது ஆள் வாசலில் தயங்கி நின்றால், எந்த பிளாக் என்று கேட்டுச் சிரிக்க வைத்து உள்ளே கூட்டிப் போவாராம்.

வண்டிச் சத்தம் கேட்டால் எங்கள் பெண் இப்போதும் எழுந்து போகிறாள். போய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "எந்த பிளாக்?" என்கிறாள்.

"குடித்தோர் பிளாக்" என்பார் அவர். அப்புறம்தான் கேட் திறக்கும்.