மாடியிலிருந்து ஒரு அபிப்பிராயம்

இந்த ஞாயிற்றுக்கிழமை இடியே விழுந்தாலும் மாடிக்கு ஏறுவதில்லை என்று வீரபாகு முடிவு கட்டிவிட்டார். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்துச் செய்த முடிவு. பக்கத்துத் தறியில் பட்டு நெய்துகொண்டிருந்த சம்சாரம் அபிதகுசாம்பாளிடம் அதைச் சத்தமாகவே அறிவித்தார். அவள் மிதிகட்டையை ஒரு மிதி மிதித்துவிட்டு, "ஏறாதீங்களேன். உங்கள யாரு ஏறச் சொன்னது?" என்றாள். பெண்டாட்டி இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டால், புத்தியுள்ள மனுஷன் அங்கேயே சுதாரித்திருப்பான். வீரபாகுவுக்குச் சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

சந்தோஷத்துக்குக் காரணம் ஒரு கிளி. மறுநாள் சாயங்காலம் டிவியில் போடப்போகிற படத்தில், மந்திரவாதி ஒருத்தன் இளவரசனைக் கிளியாக்கிக் கூண்டில் அடைத்துவிடுவான். அரும்பு மீசைப் பையனாக இருந்தபோது வீரபாகு இதைக் களம்பூர்க் கொட்டகையில் பார்த்தார். கிளி திரும்ப மனுஷனாகிற நேரம் பார்த்துப் பேய்க்காற்று அடித்துக் கூரை பறந்துபோக, ஜனங்கள் தலைதெறிக்க ஓடினார்கள். அதோடு சரி. பிறகு முடிவைப் பார்த்ததாகச் சொன்னவர்களையெல்லாம் பிடித்து விசாரித்தார். இளவரசியின் கண்ணீர் பட்டு மனுஷனானான் என்றார் ஒருத்தர். தலையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கியதும் மனுஷனானான் என்றார் இன்னொருத்தர். படவேட்டுச் சகலையோ, கிளி கடைசிவரைக்கும் கிளிதான் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். குழம்பிப்போன வீரபாகுவின் மண்டைக்குள், தலை நரைத்த பிறகும் அந்தக் கிளி சிறகடித்துக்கொண்டே இருந்தது.

டிவி போன தீபாவளிக்கு வந்தது. ஆரணியில் அவர்கள் தெருவுக்கே அதுதான் முதல் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தெருப் பெண்களெல்லாம் கூடத்தில் வந்து குந்திவிடுவார்கள். எதிர்வீட்டு உண்ணாமலை எப்போதும் முன்வரிசை. படம் ஓடும். கூடவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வீரபாகுவின் வாயும் ஓடும்.

தமாஷ் படமென்றால், இப்போது பார், வாழைப்பழத் தோலில் வழுக்கி விழப்போகிறான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவன் விழுந்த பிறகு, அது ஏன் சிரிப்பாக இருந்தது என்று விளக்குவார். விளக்கி முடிப்பதற்குள் அடுத்த தமாஷ் வந்துபோயிருக்கும். மாயாஜாலப் படமென்றால் இன்னும் மோசம். கம்பளம் வானத்தில் பறந்தால், இந்த வேகத்துக்கு ஓரம் பிரிந்துவிடும், இது விசைத்தறிச் சரக்கு என்பார். பூதம் குடத்திலிருந்து வந்தால், இத்தனை பெரிய உடம்பு அதற்குள் எப்படி மடங்கியது என்று உண்ணாமலையையே கேட்பார். அவள் பாவம், பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பாள். அபிதகுசாம்பாள் கெஞ்சிப் பார்த்தாள், முறைத்துப் பார்த்தாள். டிவி வாங்கியவனுக்கு அபிப்பிராயம் சொல்லக்கூட உரிமையில்லையா என்று அவர் ரோஷப்பட்டார்.

தை பிறந்ததும் டிவிக்கு ஒரு வியாதி கண்டது. படம் பளிச்சென்று வரும். வீரபாகு வாயைத் திறந்து ரெண்டு அபிப்பிராயம் சொல்லியிருப்பார். உடனே படம் மறைந்து, திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பொரியாய்ப் பொரியும். ஆன்டெனா காற்றில் திரும்பிவிட்டது என்பாள் அபிதகுசாம்பாள். அவர் மாடிக்கு ஏறிக் குழாயைப் பிடித்து வடக்கே திருப்புவார், கிழக்கே திருப்புவார். கீழேயிருந்து இன்னும் தெரியவில்லை என்று குரல் வரும். கூடவே தெருவே அதிர்கிற மாதிரி சிரிப்பும் வரும். படமே தெரியாதபோது என்ன சிரிப்பு என்று ஒருநாள் கேட்டதற்கு, பொரி பொரியாக வருவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறதே என்றாள் உண்ணாமலை. அவருக்கு அது சரியாகவும் பட்டது, தப்பாகவும் பட்டது.

ஆனால் மறுநாள் சிவப்பிரகாசத்தின் டீக்கடையில் படம் எப்படி என்று கேட்பார்களே. மாடியில் காதில் விழுந்ததை வைத்துத்தான் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். ஒருதடவை டமார் டமாரென்ற சத்தத்தையும் காப்பாற்றுங்கள் என்ற அலறலையும் கேட்டுவிட்டு, கத்திச்சண்டை என்றால் இதுதான்யா கத்திச்சண்டை என்று பிளந்து கட்டினார். அது மாமியார் தலையில் பாத்திர அலமாரி சாய்ந்த தமாஷ் காட்சி. ரெண்டு நாள் டீக்கடை சிரித்தது.

அதனால்தான் இந்தத் தடவை முன்னேற்பாடு. சனிக்கிழமை மத்தியானமே மாடிக்குப் போய், பாவு இழுத்துக் கட்டுகிற கயிற்றை எடுத்து, ஆன்டெனாக் குழாயைச் சுவரோடு சேர்த்து முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டினார். புயலடித்தாலும் அசையாது. ஞாயிற்றுக்கிழமை ராஜா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். அபிதகுசாம்பாள் வழக்கம்போல டிவி ஸ்டூலை ஒட்டிச் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது.

கிளி பேச ஆரம்பித்தது. வீரபாகு பல்லைக் கடித்துக்கொண்டார். கிளி பாடியது. தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினார். கிளி இளவரசிக்குக் கடிதமே எழுதிவிட்டது. அதற்குமேல் அவரால் ஆகவில்லை. "மையி எங்கருந்துடி வந்துச்சு அதுக்கு?" என்றார்.

திரை பொரிந்தது.

கட்டிப்போட்ட ஆன்டெனா எப்படித் திரும்பும்? தலையைச் சொறிந்துகொண்டே மாடிக்கு ஓடினார். போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. ஒருவேளை மெட்ராஸிலேயே படம் கெட்டுப்போயிருக்குமோ? கையைக் கட்டிக்கொண்டு, கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இப்ப தெரியுதா?"

"இல்லீங்க. கொஞ்சம் மெட்ராஸ் பக்கம் திருப்புங்க."

அவர் மூக்கைச் சொறிந்தார். "இப்ப?"

"அவ்ளோ வேணாம். கொஞ்சூண்டு வேலூர் பக்கம்."

அவர் கொட்டாவி விட்டார். "இப்ப?"

"ஆங், அப்படியே புடிச்சுகினு நில்லுங்க. ஆடாதீங்க, ஆடினா போயிடுது."

வீரபாகு ஆடாமல்தான் நின்றார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி படியிறங்கி, கூடத்து ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

உள்ளே படம் பால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆன்டெனாவிலிருந்து வந்த ஒயர் ஸ்டூலுக்குப் பின்னால் ஓரிடத்தில் அறுந்து ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தது. அதன்மேல் அபிதகுசாம்பாளின் கால் கட்டைவிரல் இருந்தது. காலமெல்லாம் தறிக்குழிக்குள் கண்ணால் பார்க்காமலே மிதிகட்டையை மிதித்துப் பழகிய கால். மிதித்தால் படம், எடுத்தால் பொரி. அட சண்டாளி! தை மாசத்திலிருந்து என்னை மாடியில் காய வைத்தது இந்தக் கட்டைவிரலா என்று வீரபாகுவுக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே பாய்ந்து ஒரு பிடி பிடித்திருப்பார். ஆனால் அதே நேரம் கூண்டு திறந்து கிளி வெளியே வந்தது.

சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் நின்றார். கூடத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் யாரும் பேசாமல் படம் பார்ப்பது இத்தனை சுகமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இளவரசி அழுதாள். கிளியின் தலையில் ஊசியும் இருந்தது. கண்ணீரா ஊசியா என்று அவர் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்த்தார். கிளியைச் சுற்றிப் புகை கிளம்பியது. புகைக்குள் ஒரு மனுஷக் கால் தெரிந்தது. காலுக்கு மேலே அகலமான சரிகைக் கரை பளபளத்தது.

"கிளிக்கு எங்கருந்துடி சரிகை வேட்டி வந்துச்சு?"

வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. கட்டைவிரல் தூக்கிக்கொண்டது. திரை பொரிந்தது.

அபிதகுசாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. கூரையைப் பார்த்து, "ஏங்க, ஆன்டெனாவ வுட்டுட்டீங்களா? படம் போச்சு பாருங்க, ஜல்தியா புடிங்க" என்றாள்.

நின்று நியாயம் கேட்கலாம் என்றால் கிளி பாதி மனுஷனாக நிற்கிறது. ஒயர்தான் காரணம் என்று கண் சொல்கிறது, ஓடு ஓடு என்று கால் சொல்கிறது. கால்தான் ஜெயித்தது. மாடிக்கு ஓடிக் கட்டிக்கிடந்த குழாயை இன்னும் கெட்டியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு பெருமூச்சு கிளம்பியது. பிறகு கைதட்டல். பிறகு டிவியை அணைத்துவிட்டார்கள்.

இறங்கி வந்தவர் நேராக அவள்முன் போய் நின்றார். "கிளி எப்படிடி மனுஷனாச்சு?"

"எங்கங்க பாத்தோம்? படந்தான் போயிடுச்சே."

"பொய் சொல்லாத. உன் காலு ஒயர் மேல இருந்தத நான் பாத்தேன்."

"எங்கருந்து பாத்தீங்க?"

"ஜன்னல்லருந்து."

"அப்ப மாடியில ஆன்டெனாவ யாரு புடிச்சுகினு இருந்தது?"

"யாருமில்ல," என்றார் வீரபாகு.

அபிதகுசாம்பாள் கூடத்துப் பெண்களைப் பார்த்தாள். "கேட்டுக்கோங்க. அதான் நல்ல கட்டத்துல படம் போயிருக்கு."

அத்தனை பேரும் அவரைக் குற்றவாளி மாதிரி பார்த்தார்கள். அவர்கள் உண்மையைச் சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறு அவர் மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவாரே. வீரபாகு யோசித்தார். அவர் கீழே வந்தார், படம் போனது. அதுவும் நிஜம்தானே? எது எதனால் என்று அவருக்கே இப்போது பிடிபடவில்லை. அப்போதுதான், உண்ணாமலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மாட்டிக்கொண்டாள் என்று ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

"படந்தான் தெரியலியே, அப்பால நீ ஏம்மா அழுவுற?"

உண்ணாமலை மூக்கை உறிஞ்சினாள். "முடிவு தெரியாம போச்சேன்னுதாண்ணா."